போர் கழித்த ஊர்தியும் கம்மியர் கையும்

மட்டக்களப்பு வாவி தன் இரு கரைகளுக்கும் ஞாயிற்றின் போக்கைக் கொண்டே பெயர் அளித்துள்ளது. ஞாயிறு எழும் கடற்பக்கம் எழுவான்கரை. அது படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. பழுகாமம் படுவான்கரையிலே போரதீவுப்பற்றில் அமைந்த பழைய ஊர். திரௌபதையம்மன் கோயிலாலும் வயல்வெளியாலும் அறியப்பட்டது. இங்கிருந்து எழுவான்கரைக்குச் செல்வோர் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து களுவாஞ்சிகுடியை அடைவர். மண்டூரில் உள்ளோர் 'பாதை' ஏறிக் குருமண்வெளிக்குச் செல்வர். ஆட்களை ஏற்றி நீரைக் கடக்கும் மிதவையைப் 'பாதை' என்றழைத்தல் மட்டக்களப்பு வழக்கு. வயல்களிற் பெரும்பகுதி ஒரு கரையிலும், மட்டக்களப்பையும் கல்முனையையும் இணைக்கும் பெருந்தெரு மறுகரையிலும் அமைந்துவிட்ட இந்நிலத்திலே, விளைந்த நெல்லுக்கு விலை கிடைப்பது அதனை ஏற்றிச் செல்லும் ஊர்தியைப் பொறுத்ததாயிற்று.

இப்பிரதேசத்தின் வரலாற்றை அறிய விழைவோர் முதலிற் கையிலெடுக்கும் நூல்கள் சில உள. 1921இல் வெளிவந்த எஸ். ஓ. கனகரத்தினத்தின் மாவட்ட வரைநூல், 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', 1964இல் வெளிவந்த பண்டிதர் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' ஆகியன அவற்றுட் குறிப்பிடத்தக்கன. கோயிலையும் குடிமரபையும் கூத்தையும் பேணுவதில் நம் அறிஞர் காட்டிய அக்கறை பெரிது. ஆயின் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு நாட்டுப்புறங்களை இயங்கவைத்த ஒரு சாரார் நம் ஊர் வரலாறுகளில் அரிதாகவே தலைகாட்டுகின்றனர். பழைய மோட்டார் ஊர்தியைப் பிரித்து, தேய்ந்ததை நீக்கி, வேறொன்றிலிருந்து கழற்றியதைப் பொருத்தி, மீண்டும் தெருவில் ஓடவிட்ட கராச்சுத் தொழிலாளரையே ஈண்டுக் கருதுகின்றோம். அவர்தம் தொழிலின் இயல்பைத் தெளிவாகக் காட்டுவது இரண்டாம் உலகப் போர் விட்டுச்சென்ற இராணுவ லொறிகளின் பின்வாழ்வு ஆகும். அவ்வாழ்வு வரலாற்று மாணவன் முன் ஒரு வினாவையும் வைக்கின்றது. பழைய இராணுவ ஊர்தி ஒன்றைப் புதுப்பிக்கின்றோம் என்று கூறும்போது, அதன் எந்தக் காலத்தைப் புதுப்பிக்கின்றோம்?

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு முன்னர், மோட்டாருக்கு முற்பட்ட மாட்டுவண்டியைச் சற்று நோக்குதல் பயன்தரும். வண்டிச் சில்லொன்று குடம், ஆரக்கால், வட்டை, இரும்புப் பட்டம் என்னும் உறுப்புகளால் ஆனது. தச்சர் ஒவ்வோர் ஆரக்காலையும் அது புகவேண்டிய துளைக்கு ஏற்பச் செதுக்குவார். கொல்லர் பட்டத்தைக் காய்ச்சி, அந்தச் சில்லின் சுற்றளவுக்கே இறுக்குவார். ஆகவே ஒரு வண்டியின் ஆரக்கால் அடுத்த வண்டிக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை. அதனால் எவருக்கும் இடர் நேர்ந்ததும் இல்லை. செய்தவர் அதே ஊரிலோ அயலூரிலோ இருந்தார். உடைந்தால் உடைந்த இடத்தை அளந்து மற்றொன்று செதுக்கினார். பொருளும் அதனைப் பழுதுபார்க்கும் அறிவும் ஒரே ஊரில் குடியிருந்த காலம் அது.

இதற்கு நேர்மாறான ஒரு முறை பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் அரும்பியது. ஒரே வகைப் பொறிகள் பலவற்றின் உறுப்புகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்து, கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பூட்டினாலும் அரம் தீண்டாமற் பொருந்தும்படி செய்தலே அம்முறையின் குறிக்கோள். இவ்வாறு செய்யப்பட்டவற்றை இக்கட்டுரையில் ஒத்த பாகங்கள் என்போம். பிரான்சில் ஒனோரே பிளாங் என்னும் துப்பாக்கி வினைஞர் இம்முறையிற் செய்த துப்பாக்கிப் பூட்டுகளை, அங்கே அமெரிக்கத் தூதராயிருந்த தோமஸ் ஜெபர்சன் 1785இல் தம் கையாலேயே பொருத்திப் பார்த்தார். அமெரிக்காவில் 1798இல் பத்தாயிரம் துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் பெற்ற ஈலை விற்னி, 1801இல் ஆட்சியாளர் முன்னிலையில் இதே வித்தையைக் காட்டிப் புகழ் பெற்றார். அவருடைய பாகங்கள் உண்மையில் ஒத்தவை அல்ல என்பதும், தேர்ந்தெடுத்தவற்றைக் கொண்டே அக்காட்சி நிகழ்த்தப்பட்டது என்பதும் பிற்கால ஆய்வாளர் கண்ட முடிபு. இரண்டாண்டில் முடிப்பதாகச் சொன்ன துப்பாக்கிகள் முழுவதும் கைக்கு வர 1809 ஆயிற்று. 1820களில் ஹாப்பர்ஸ் பெரி ஆயுதசாலையில் ஜோன் ஹோல் செய்த துப்பாக்கிகளே இக்குறிக்கோளை மெய்யாக அணுகின. விளம்பரம் செய்தவர் பெயர் பாடநூலில் நிலைக்க, வேலையை முடித்தவர் பெயர் அடிக்குறிப்பில் ஒதுங்குவது தொழில்நுட்ப வரலாற்றிலும் உண்டு.

இம்முறையின் தாய் போர்க்களம் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. களத்தில் உடைந்த துப்பாக்கியைச் செய்த கொல்லரிடம் திருப்பி அனுப்ப இயலாது. உடைந்த இரண்டைக் கொண்டு ஒன்றை ஆக்கவேண்டும். மோட்டார் தொழிலுக்கு இம்முறை வந்து சேர்ந்ததை உலகறியச் செய்தது 1908இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓட்டத்திடலில் நடந்த சோதனையாகும். மூன்று கடிலாக் கார்களை முற்றாகப் பிரித்துப் பாகங்களைக் கலந்து, தொண்ணூறு அளவான பாகங்களை நீக்கி, அவற்றுக்குப் பதிலாகக் கடையிலிருந்து எடுத்தவற்றை இட்டு, திறப்பான்களையும் திருகிகளையும் மட்டுமே கொண்டு மீண்டும் பூட்டி, ஐந்நூறு மைல் ஓட்டிக் காட்டினர். வெவ்வேறு நிறக் கார்களின் உறுப்புகள் கலந்தமையால் அவை பல வண்ணத்தில் வெளிவந்தன. பின்னர் நம் நாட்டுக் கராச்சுகளில் நாம் காணவிருந்த ஊர்திகளுக்கு அவையே மூதாதையர் எனல் தகும்.

இனி இலங்கையின் கிழக்குக் கரைக்கு வருவோம். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பையும் 9இல் திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. அவ்வொன்பதாம் நாளில் 'ஹேமிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற்பட்ட கடலில் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மலாயா வீழ்ந்தபின் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பரின் முதன்மையான ஊற்றாக இலங்கை நின்றது. போர் ஊர்திகளின் ரயர்களுக்கு வேண்டிய பாலில் பெரும்பங்கு இத்தீவின் மரங்களிலிருந்து வடிந்தது. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகம் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. தீவு முழுவதும் பாசறையாகிய அந்த ஆண்டுகளில், நம் தெருக்கள் அதற்கு முன் கண்டிராத ஓர் இன ஊர்தி இங்கே ஓடியது. அதன் எல்லாச் சில்லுகளும் இழுத்தன. அதன் பாகங்கள் பல்லாயிர மைலுக்கு அப்பாலும் ஒரே அளவின.

அவற்றுள் இரண்டைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஒன்று ஜீப். அமெரிக்க இராணுவத்துக்காக வில்லிஸ் நிறுவனம் ஏறத்தாழ 3,60,000 ஜீப்புகளையும், அதே வரைபடத்தைக் கொண்டு போர்ட் நிறுவனம் ஏறத்தாழ 2,80,000 ஜீப்புகளையும் செய்தன. ஒன்றின் பாகம் மற்றதற்குப் பொருந்தவேண்டும் என்பது ஒப்பந்தத்தின் உயிர்நிலை. ஆயினும் போர்ட் நிறுவனம் தன் பாகங்களிலும் புரியாணித் தலைகளிலுங்கூடத் தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தது. முன்புறக் குறுக்குச்சட்டம் வில்லிஸில் குழாய் வடிவினது. போர்ட்டில் கவிழ்த்த தொட்டி வடிவினது. இன்றைய சேகரிப்பாளர் ஊர்தியின் குலத்தைக் காண்பது இத்தகைய அடையாளங்களாலேயே.

மற்றது கனடிய இராணுவ அமைப்பு லொறி. பிரித்தானியப் படைத்துறையின் தேவைக்கேற்பக் கனடாவில் போர்ட்டும் செவ்ரோலெட்டும் இதனைச் செய்தன. போர்க்காலத்தில் அந்நாடு செய்த இராணுவ ஊர்திகள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றில் நான்கு இலட்சம் அளவான இவ்வகையைச் சேர்ந்தவை. கப்பலில் இடம் குறைவாகப் பிடிக்கவேண்டும் என்பதற்காக மூக்கைத் தட்டையாக்கி, சாரதியை எஞ்சினோடு நெருக்கி உட்காரவைத்தனர். அச்சு, சில்லு, சாரதிக்கூண்டு, சரக்குப்பெட்டி ஆகியன இரு நிறுவனங்களுக்கும் பெரும்பாலும் பொது. எஞ்சின் மட்டும் வேறு. போர்ட்டில் எட்டு உருளை, செவ்ரோலெட்டில் ஆறு. பிரித்து மரப்பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி, வந்திறங்கிய நாட்டிலேயே பூட்டுதல் வழக்கமாயிருந்தது. இந்தியாவில் போர்ட் அடிச்சட்டத்தின்மேல் அந்நாட்டு இரயில்வே வேலைத்தளங்கள் கவசக்கூடு கட்டிய ஊர்திகளும் உண்டு. இவ்வகை லொறியின் சில்லு இரு பாதிகளாகச் செய்யப்பட்டுப் புரியாணிகளால் இணைக்கப்பட்டது. அவ்விணைப்பு நட்டுகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசியிருப்பர். காற்றை வெளியேற்றாமல் அவற்றைக் கழற்றினால் சில்லு வெடித்து ஆளைக் கொல்லும். இராணுவக் கைந்நூலில் அச்சிட்டிருந்த இந்த எச்சரிக்கை, கைந்நூல் வந்து சேராத பட்டறைகளில் வாய்மொழியாகவே நிலைக்கவேண்டியிருந்தது.

ஒத்த பாகம் என்னும் கொள்கை எல்லா இடத்தும் வென்றது என்று கருதுவதற்கில்லை. ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட ஜி.எம்.சி. இரண்டரைத் தொன் லொறியிலேயே இருவகை அச்சுகள் இருந்தன. ஒன்றின் உறுப்பு மற்றதற்கு ஆகாது. பிரித்தானியப் படையோ பெட்போர்ட், ஒஸ்ரின், மொறிஸ், லேலண்ட், அல்பியன் எனப் பல நிறுவனங்களின் வெவ்வேறு ஊர்திகளைச் சுமந்து திரிந்தது. இவை அனைத்தையும் விடப் பெரிய பிளவு புரியாணியில் இருந்தது. 1841இல் ஜோசப் விற்வேர்த் வகுத்த பிரித்தானியப் புரியின் கோணம் 55 பாகை. 1864இல் வில்லியம் செலர்ஸ் முன்வைத்த அமெரிக்கப் புரியின் கோணம் 60 பாகை. முக்கால் அங்குலத்திலும் வேறு சில அளவுகளிலும் அங்குலத்துக்கான புரிகளின் எண்ணிக்கை ஒன்றாயிருத்தலால், ஒன்று மற்றதனுள் ஓரளவு ஏறிவிடும், ஏறியபின் இளகும். அரை அங்குலத்திலோ பிரித்தானியப் புரி பன்னிரண்டு, அமெரிக்கப் புரி பதின்மூன்று. சில சுற்றிலேயே பற்றிக்கொண்டு புரியைச் சிதைக்கும். திறப்பானிலும் இதே குழப்பம். விற்வேர்த் திறப்பானில் எழுதியிருப்பது ஆணித்தண்டின் விட்டம். அமெரிக்கத் திறப்பானில் எழுதியிருப்பது நட்டின் அகலம். 'அரை' என்று பொறித்த இரு திறப்பான்கள் ஒரே நட்டைப் பிடியா. போரில் இதனால் விளைந்த அல்லலே அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய மூன்றும் 1948 நவம்பரில் வாஷிங்டனில் ஒரே புரியளவுக்கு உடன்படக் காரணமாயிற்று. உடன்படிக்கை அங்கே கையெழுத்தாயிற்று. ஆனால் ஏற்கெனவே இங்கே வந்து கிடந்த ஊர்திகளின் புரி மாறவில்லை. அதன்பின் யப்பானிய ஊர்திகளோடு மில்லிமீற்றர் அளவும் வந்து சேர்ந்தது. நம் கராச்சுத் தொழிலாளி மூன்று நாகரிகங்களின் திறப்பான்களை ஒரே பெட்டியில் வைத்திருக்கும் வழக்கம் இவ்வாறு தோன்றியது.

போர் முடிந்ததும் படைகள் வீடு திரும்பின. ஊர்திகள் ஆசியாவிலேயே தங்கின. அவற்றைத் திருப்பி அனுப்பும் செலவு அவற்றின் பெறுமதியை விஞ்சியது. இராணுவத்தின் கணக்கில் அவை கழிவு. அதன்பின் நிகழ்ந்ததை நாடு நாடாக நோக்கினால், ஒரே பொருள் வெவ்வேறு சமூகத் தேவைக்கேற்ப எவ்வாறு உருமாறியது என்பது விளங்கும். பிலிப்பைன்சில் ஜீப்பின் பின்புறத்தை நீட்டி, எதிரெதிர் இருக்கை இட்டு, 'ஜீப்னி' என்னும் மக்கள் ஊர்தியை ஆக்கினர். மலாயாக் காடுகளில் பழைய இராணுவ லொறிகளின் அடிச்சட்டத்தைக் கொண்டு மரமிழுக்கும் ஊர்திகள் கட்டப்பட்டன. மலாய் மொழியில் அதற்குப் பேய் லொறி என்று பெயர், சீனர் அதனை மலையரசன் என்பர். பர்மாவில் கனடிய லொறியின்மேல் மரக்கூடு கட்டிப் பேருந்தாக்கினர். 1962இன் பின் அந்நாடு இறக்குமதிக்குக் கதவடைத்தமையால், தமிழரும் வாழ்ந்த இரங்கூன், மோல்மேன் நகர்களின் தெருக்களில் இப்பேருந்துகள் அந்நூற்றாண்டின் இறுதியையும் கடந்து ஓடின. நான்காண்டு போருக்கென்று செய்த வண்டி அரை நூற்றாண்டு சந்தைக்குச் சென்றது.

இலங்கையிலும் காரணம் ஏறத்தாழ ஒன்றே. 1960களின் தொடக்கத்திலிருந்து அந்நியச் செலாவணி நெருக்கடியால் மோட்டார் ஊர்தி இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை அது மேலும் இறுகியது. புதியது வாராதபோது பழையது சாகக்கூடாது. இங்கே போக்குவரத்துச் சபை வாங்கிய இலண்டன் பேருந்துகளைப் பற்றி ஒரு சொல். 1958 சனவரி 1இல் தோன்றிய அச்சபை, இலண்டனில் ஓடிக் கழிந்த ஆர்.ரி. குடும்பத்து இரட்டைத்தட்டுப் பேருந்துகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றைக் கொணர்ந்தது. அப்பேருந்துகள் ஒத்த பாகத்தின் உச்சம் எனலாம். போர்க்காலத்தில் ஹலிபக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைப் பூட்டுவதில் ஈடுபட்ட இலண்டன் போக்குவரத்து நிறுவனம், அச்சுவார்ப்பில் வைத்து அளவு பிசகாமற் செய்யும் முறையை அங்கே பயின்று பேருந்துக்குக் கொண்டுவந்தது. பெரும்பழுது பார்க்கும் ஆல்டனாம் வேலைத்தளத்தில் கூட்டை அடிச்சட்டத்திலிருந்து தூக்கிவிடுவர். ஒரு கூடு வேறோர் அடிச்சட்டத்தின்மேல் அமரும். வெளிவரும் பேருந்துக்கு உள்ளே சென்றதன் இலக்கம் இடப்படும். ஆகவே கொழும்புத் துறைமுகத்தில் இறங்கியபோதே அவற்றுக்குத் 'தன் கூடு' என்று ஒன்று இருக்கவில்லை. முதல்வடிவம் பற்றிப் பேசுவோர் இதனை மனங்கொள்ளல் நன்று.

மட்டக்களப்புப் பகுதிக்குப் பாரிய இயந்திரங்கள் பெருமளவில் வந்தது கல்லோயாத் திட்டத்தோடு ஆகும். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அணைகட்டும் பணியை மொறிசன் நூட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் ஏற்றது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இலேயே. அப்போது இவையாவும் மட்டக்களப்பு மாவட்டத்தினுள் அடங்கின. அதன்பின் வயலுக்கு உழவு இயந்திரம் வந்தது. ஒத்த பாகத்தின் பயனை நம் உழவர் நன்கறிந்தது மசி பேர்குசன் இயந்திரத்தினாலேயே. இங்கிலாந்தில் செய்த பழைய மசி பேர்குசனுக்கு, 1960இல் தொடங்கிய சென்னையின் டபே நிறுவனம் அதே வடிவமைப்பில் செய்யும் இயந்திரத்தின் பாகங்கள் பல பொருந்தும். கவன்ற்ரியில் பிறந்த இயந்திரம் சென்னையின் பாகத்தால் உயிர் வாழ்கின்றது. இரு சில்லு உழவு இயந்திரத்தை நம் மக்கள் அதன் ஆதி நிறுவனத்தின் பெயரால் இன்றும் 'லாண்ட்மாஸ்டர்' என்றே அழைப்பர், செய்தவர் எவராயினும். அதன் எஞ்சின் காலையில் உழும், மாலையில் நீரிறைக்கும். பழைய லொறியின் அச்சும் ரயரும் மாட்டுவண்டிக்குச் சென்றன. தச்சரின் ஆரக்காலுக்கு இருந்த இடத்தை ஒத்த பாகம் பிடித்துக்கொண்டது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை.

ஆனால் தச்சரின் அறிவு மறைந்துவிடவில்லை. இதுவே இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் செய்தி. பெற்றோல் எஞ்சின் தேய்ந்த இராணுவ லொறிக்கு டீசல் எஞ்சின் பூட்டுவதை எடுத்துக்கொள்வோம். பேர்க்கின்ஸ் நிறுவனத்தின் ஆறு உருளை எஞ்சின் இவ்வகை மாற்றத்துக்குப் பல நாடுகளிற் பெயர் பெற்றது. எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் இணைக்கும் துளைகள் ஒன்றோடொன்று ஒவ்வா. இடையே ஓர் இரும்புத் தட்டை வெட்டி, ஒரு முகத்தில் எஞ்சினின் துளைகளையும் மறுமுகத்தில் கியர்ப்பெட்டியின் துளைகளையும் குறிக்கவேண்டும். தண்டின் மையம் மயிரிழை விலகினாலும் கிளச்சும் தாங்கியும் சில நாளில் அழியும். அடுத்தது வேகம். பழைய பெற்றோல் எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்று அளவுக்குச் செல்லும். இந்த டீசலோ 2,400ஐ அண்டியே நின்றுவிடும். பின்னச்சின் பற்சக்கர விகிதத்தை மாற்றாவிடின் லொறி இழுக்கும், ஆனால் ஓடாது. ஆறு வோல்ற் மின்னமைப்பைப் பன்னிரண்டாக்க வேண்டும். இவை எவற்றுக்கும் தொழிற்சாலையின் வரைபடம் கிடையாது. தச்சர் துளைக்கு ஏற்ப ஆரக்காலைச் செதுக்கியதுபோலவே, இங்கும் ஒருவர் கண்ணாலும் கையாலும் அளந்து இரண்டு ஒவ்வாதவற்றை ஒவ்வச் செய்கின்றார். ஒத்த பாகத்தின் புகழ் தொழிற்சாலையில் பாடப்படுகின்றது. அது முடியும் இடத்திலிருந்தே நம் கம்மியரின் வேலை தொடங்குகின்றது.

போர்க்காலம் இத்திறமையை மேலும் வெளிக்கொணர்ந்தது. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதானபோது, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முதலான பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிது பெற்றோலைக் காபுரேற்றரில் வார்த்து எஞ்சினை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பழைய எஞ்சின்களின் அமுக்கவிகிதம் குறைவு என்பதே இதனை இயலச் செய்தது. புதிய கார் இவ்வாறு ஓடாது. இங்கிலாந்தின் பழைய உழவு இயந்திரங்கள் சில இதே தத்துவத்திலேயே செய்யப்பட்டவை. பழமை ஒரு குறையாகக் கருதப்பட்ட பொருளுக்கு அப்பழமையே வலிமையாயிற்று. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே சோதனைச் சாவடிகள் நின்ற நீண்ட ஆண்டுகளில், உள்ளதைக் கொண்டு ஓட்டுவது இக்கரை மக்களுக்கும் நாளாந்தப் பாடமாயிருந்தது.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். மேலைநாடுகளில் பழைய இராணுவ ஊர்திகளைச் சேகரித்துப் புதுப்பித்தல் பெருவழக்கு. அமெரிக்காவில் 1976இல் இதற்கென ஒரு சங்கமே தோன்றியது. அவர்களிற் பலர் நாடுவது தொழிற்சாலையை விட்டு நீங்கிய நாளின் வடிவம். போர்ட் ஜீப்புக்குப் போர்ட் எழுத்துப் பொறித்த புரியாணியே வேண்டுமெனத் தேடி அலைவோர் உளர். அவர்தம் உழைப்பை இகழ்வதற்கில்லை. ஒரு பொருள் முதலில் எவ்வாறிருந்தது என்பதை ஒருவராவது காத்துவைக்கவேண்டும். அவர்கள் பேணிய கைந்நூல்களும் பாகப் பட்டியல்களும் இல்லையேல் இக்கட்டுரையின் பாதி எழுத இயலாது. எனினும் அந்த நோக்கம் வரலாற்றுக்கு முழுவதும் இயைந்தது என்று கொள்ளத் தடையுண்டு. ஜீப்பைப் படையே அவ்வாறு நடத்தவில்லை. களப் பட்டறைகளில் வில்லிஸின் பாகமும் போர்ட்டின் பாகமும் ஒரே குவியலிற் கிடந்தன; போரின் பின் பிரான்சின் மால்தூர்னே வேலைத்தளம் பல்லாயிரம் ஜீப்புகளை இவ்வாறு கலந்தே புதுக்கியது. கலப்பற்ற ஜீப் என்பது சேகரிப்பாளரின் ஆசை. கலந்த ஜீப்பே போர் கண்ட ஜீப்.

கட்டடங்களைப் பேணுவோர் இவ்வினாவை முன்னரே எதிர்கொண்டனர். 1964இல் வகுத்த வெனிசுப் பட்டயத்தின் பதினோராம் பிரிவு, ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தவரும் சேர்த்த தகுந்த பங்களிப்புகளை மதிக்கவேண்டும் என்றும், ஒரே காலப் பாணிக்கு மீட்பது புதுப்பித்தலின் குறிக்கோள் அன்று என்றும் கூறுகின்றது. கோபுரத்துக்குப் பொருந்தும் இவ்விதி லொறிக்கும் பொருந்தும் என்பது எமது துணிபு. மோல்மேன் பேருந்தொன்றின் மரக்கூட்டைக் கழற்றி எறிந்து 1942ஆம் ஆண்டின் லொறியாக்கினால், நான்காண்டைக் காட்டுவதற்காக ஐம்பதாண்டு அழிகின்றது. கனடாவில் முதல்வடிவ லொறிகள் பல பேணப்பட்டுள்ளன. மாற்றிய வடிவமே அரியது. அரியதை அழித்துப் பல்கியதை மேலும் ஒன்று ஆக்குவது எவ்வகை ஆய்வு?

நிறத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். புதுப்பிப்போர் இறுதியிற் பூசுவது படையின் ஒலிவுப் பச்சை. நம் பகுதியில் அந்நிறம் வெறும் நிறமன்று. 1980களின் நடுப்பகுதி தொட்டு 2009 வரை அப்பச்சை லொறி தெருமுனையில் திரும்பும் ஓசைக்கே கதவடைத்த ஊர்கள் உண்டு. போர் ஊர்தியை வாங்கிய குடிமகன் அதன்மேல் நீலமோ சிவப்போ பூசியதை அழகுணர்ச்சி என்று மட்டும் கொள்ளலாகாது. அது இனி நெல்லேற்றும் என்று அவன் செய்த அறிவிப்பு அது. அவ்வறிவிப்பைச் சுரண்டி அகற்றுவதற்கு முன் சற்றுத் தயங்குவது நன்று.

தொழிலாளரின் பேச்சிலும் இவ்வேறுபாடு பதிந்துள்ளது. அருங்காட்சியகம் 'ஒறிஜினல்' என்று சொல்லும்போது முழு ஊர்தியைக் குறிக்கின்றது. கராச்சில் அச்சொல் பாகத்துக்கே உரியது. செய்த கொம்பனியின் உறையிலிருந்து வந்த சாமான் என்பதே அதன் பொருள். ஊர்தியைக் குறித்து அவர்கள் கேட்பது அது ஓடுகின்றதா என்பதையே. மொழியியல் பயிலும் மாணவர் கராச்சுத் தமிழைச் சேகரிப்பாராயின் இதுபோன்ற பல கிடைக்கும்.

2009இன் பின் வடக்கிலும் கிழக்கிலும் பழைய இரும்பு வாணிகம் பெருகியது. வேலியோரத்தில் துருப்பிடித்துக் கிடந்த அடிச்சட்டங்கள் நிறைக்கு விலைபோகும் பொருளாயின. எஞ்சியவற்றை ஆராயப் புகுவோர் பெரிய கருவி எதுவும் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. ஒரு புரியளவி, ஓர் அளவுநாடா, ஒரு குறிப்பேடு போதும். கதவின் கீழ்விளிம்பில் வர்ணம் உரிந்த இடத்தில் அடுக்குகளை அடியிலிருந்து எண்ணி எழுதலாம். எந்தப் புரியாணி விற்வேர்த், எது அமெரிக்கப் புரி, எது மில்லிமீற்றர் என்று வரையலாம். ஊர்தி எந்தக் காலத்தில் எந்த நாட்டுப் பாகத்தை உண்டு வாழ்ந்தது என்பதை அவை காட்டும். எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையிலுள்ள தட்டைப் படியெடுக்கலாம். அத்தட்டில் முதலில் தவறாகத் துளைத்து ஒட்டி அடைத்த ஒரு வட்டம் பெரும்பாலும் இருக்கும். அதனைத் துளைத்தவர் உயிரோடிருந்தால் முதியவராயிருப்பார். நகத்தை ஓட்டியே புரியின் இனத்தைச் சொல்லும் தலைமுறை அது. எந்த எஞ்சினுக்காக அந்த முதல் துளையை இட்டார் என்று அவரிடமே கேட்கவேண்டும்.